வேலை கிடைத்தும் ஏன் நிலைப்பதில்லை? வசதியற்ற இளைஞர்களுக்கு மஹல்லா செய்யக்கூடியவை

ஒவ்வொரு மஹல்லாவிலும் இருபது வயதைத் தாண்டிய சில பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆறு மாதம் செல்போன் கடையில் நிற்பார்கள். பிறகு மூன்று மாதம் கேட்டரிங். அதன்பின் கொஞ்ச நாள் வீட்டில். ரமளான் வந்தால் ஜவுளிக்கடைக்குக் கூடுதல் ஆளாகப் போவார்கள். பெருநாள் முடிந்ததும் மறுபடியும் வீடு. இவர்களைப் பற்றிப் பேச்சு வந்தால் ‘பொறுப்பில்லாத பையன்’ என்று ஒரே வார்த்தையில் முடித்து விடுகிறோம்.

பொறுப்பில்லாதவர்கள் எல்லா வீட்டிலும் உண்டு. வசதியான வீட்டுப் பிள்ளை பொறுப்பில்லாமல் இருந்தாலும் வாப்பாவின் கடையோ மாமாவின் கம்பெனியோ அவனைத் தாங்கிக் கொள்கிறது. ஏழை வீட்டுப் பிள்ளையோ, பொறுப்போடு இருந்தும் சான்றிதழில் ஒரு எழுத்து மாறியதற்காக வேலையை இழக்கிறான். முதல் சம்பளம் வரும்வரை சாப்பாட்டுக்குப் பணம் இல்லாததற்காக ஊர் திரும்புகிறான். உதவி கேட்டுப் பள்ளிவாசலுக்கு வரும் குடும்பங்களிடம் உட்கார்ந்து விசாரித்தால், இப்படிப்பட்ட சின்னச் சின்னக் காரணங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன.

அந்தத் தடைகளை இங்கே ஒவ்வொன்றாக எடுத்துக் கொள்வோம். தமிழ்நாட்டில் அவற்றுக்கு என்ன வழி இருக்கிறது, குடும்பமும் ஜமாஅத்தும் எந்த இடத்தில் கை கொடுக்கலாம் என்று பார்ப்போம்.

நபி (ஸல்) அவர்கள் காட்டிய முறை

நாம் அனைவரும் பயான்களில் கேட்ட சம்பவம்தான். அனஸ் (ரலி) அவர்கள் அறிவித்து அபூதாவூதில் பதிவாகியுள்ளது. அன்ஸாரிகளில் ஒருவர் நபி (ஸல்) அவர்களிடம் யாசகம் கேட்டு வந்தார். உன் வீட்டில் என்ன இருக்கிறது என்று அவர்கள் விசாரித்தார்கள். ஒரு துணியும் தண்ணீர் குடிக்கும் ஒரு பாத்திரமும் இருப்பதாகச் சொன்னார். அவற்றைக் கொண்டு வரச் செய்து, தோழர்களிடையே ஏலம் விட்டார்கள். ஒருவர் ஒரு திர்ஹம் கேட்டார். மற்றவர் இரண்டு திர்ஹம் கொடுத்து வாங்கிக் கொண்டார். ஒரு திர்ஹத்துக்குக் குடும்பத்துக்கு உணவு, இன்னொரு திர்ஹத்துக்குக் கோடாரி. அந்தக் கோடாரிக்குத் தம் கையாலேயே காம்பு பொருத்திக் கொடுத்து, விறகு வெட்டி விற்கச் சொல்லி, பதினைந்து நாள் கழித்து வரும்படி அனுப்பினார்கள். அவர் பத்து திர்ஹம் சம்பாதித்துத் திரும்பி வந்தார்.

இதை உழைப்பின் சிறப்புக்கு ஆதாரமாக மட்டும் சொல்லி விட்டுப் போகிறோம். இதில் இருக்கும் வரிசையைக் கவனியுங்கள். முதலில் அவருடைய நிலைமையை விசாரித்தார்கள். அடுத்து, வேலைக்குப் போவதற்கு முன்பே வீட்டின் பசிக்கு வழி செய்தார்கள். பிறகு கருவியை உடனே பயன்படுத்தும் நிலையில் கொடுத்தார்கள். கடைசியாக, திரும்பி வந்து பார்க்க ஒரு நாளைக் குறித்தார்கள். இந்த நான்கில் இன்று நாம் பெரும்பாலும் எதையும் செய்வதில்லை. அறிவுரை சொல்கிறோம், அல்லது ஒரு முறை பணம் கொடுத்து அனுப்புகிறோம். ஒரு பிள்ளைக்கு வேலை நிலைக்க வேண்டுமானால் இந்த நான்கும் வேண்டும்.

நிலையான வேலை என்பது எது?

நீதிபதி ராஜிந்தர் சச்சார் தலைமையிலான குழு 2006இல் பிரதமரிடம் அறிக்கை கொடுத்தது. அதன் முக்கியமான முடிவுகளில் ஒன்று, இந்திய முஸ்லிம்களில் சுயதொழில் செய்பவர்களின் பங்கு அதிகம், மாதச் சம்பள வேலையில் இருப்பவர்களின் பங்கு குறைவு என்பதாகும். வியாபாரம் நம் மரபு, அதில் பரக்கத் உண்டு. ஆனால் அடுத்தவர் கடையில் எந்தப் பதிவும் இல்லாமல் தினக்கூலிக்கு நிற்பது வியாபாரம் ஆகாது. அதில் வியாபாரியின் லாபமும் கிடையாது, ஊழியரின் பாதுகாப்பும் கிடையாது.

சம்பளம் வங்கிக் கணக்கில் வருகிறதா, பே ஸ்லிப் உண்டா, பி.எஃப். மற்றும் இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்களா, வார விடுமுறை உண்டா என்ற நான்கு கேள்விகளைக் கேட்டாலே வேலையின் தரம் தெரிந்து விடும். ‘பிடித்தம் போகக் கையில் கொஞ்சம்தான் வருகிறது’ என்று பெற்றோர் பலர் குறைப்பட்டுக் கொண்டு, ரொக்கமாகக் கொடுக்கும் கடை வேலைக்கே பிள்ளையைத் திருப்பி அழைக்கிறார்கள். பி.எஃப்.புக்கு ஊழியரிடம் 12 சதவீதம் பிடித்தால், ஓய்வூதியக் கணக்கையும் சேர்த்து நிறுவனமும் அதே அளவு செலுத்துகிறது. இ.எஸ்.ஐ.யில் ஊழியரின் பங்கு 0.75 சதவீதம்தான்; நிறுவனம் 3.25 சதவீதம் கட்டுகிறது. மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு இது பொருந்தும். அவரைச் சார்ந்திருக்கும் பெற்றோருக்கும் இதில் சிகிச்சை கிடைக்கும். வாப்பாவின் ஒரு ஆஸ்பத்திரிச் செலவில் முழுக் குடும்பமும் கடனில் விழுவதைப் பார்த்தவர்கள், இந்தப் பிடித்தத்தின் மதிப்பைப் புரிந்து கொள்வார்கள்.

முதல் தடை: பெயரும் சான்றிதழும்

நம் பிள்ளைகளுக்கு மற்றவர்களை விட அதிகமாக வரும் சிக்கல் பெயர்தான். பள்ளிச் சான்றிதழில் ‘முகமது’, ஆதாரில் ‘முஹம்மது’, வங்கியில் வெறும் இனிஷியல். ஆங்கிலத்தில் எழுதும்போது ஒரு இடத்தில் ‘ஓ’, இன்னொரு இடத்தில் ‘யூ’. ஒரு இடத்தில் ஒற்றை ‘எம்’, இன்னொரு இடத்தில் இரட்டை. ‘ஷேக்’, ‘சையது’, ‘பீவி’, ‘பேகம்’ ஆகியவை ஒன்றில் இருக்கும், மற்றொன்றில் இருக்காது. வீட்டில் யாருக்கும் இது பெரிதாகத் தெரிவதில்லை. பி.எஃப். கணக்கைத் திறக்கும்போது ஆதாரோடு பெயர் ஒத்துப் போகவில்லை என்று கணினி நிராகரிக்கும்போதுதான் தெரிகிறது. ‘சரி செய்து கொண்டு வா’ என்று அனுப்பப்படும் பிள்ளை, அலைந்து முடிப்பதற்குள் அந்த இடத்தில் வேறொருவர் சேர்ந்திருப்பார்.

பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் உள்ள பெயரையும் பிறந்த தேதியையும் அடிப்படையாக வைத்து, மற்ற ஆவணங்களை அதற்கேற்ப மாற்றுவதே எளிது. ஆதாரில் பெயரை இரண்டு முறையும் பிறந்த தேதியை ஒரு முறையும்தான் திருத்த முடியும். எனவே அவசரப்பட்டுத் திருத்தி அந்த வாய்ப்பை வீணாக்கக் கூடாது. பிள்ளை இன்னும் பள்ளியில் இருந்தால், பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்குப் பெயர்ப் பட்டியல் அனுப்பும் முன் தலைமையாசிரியர் காட்டும் விவரத்தை ஒவ்வொரு எழுத்தாகச் சரிபாருங்கள். அன்றைக்கு அரை மணி நேரம் செலவழித்தால், பின்னால் பல மாத அலைச்சல் மிச்சம்.

அடுத்தது சாதிச் சான்றிதழ். தமிழ்நாட்டில் 2007 முதல் முஸ்லிம்களுக்குக் கல்வியிலும் மாநில அரசு வேலையிலும் 3.5 சதவீத உள் இடஒதுக்கீடு இருக்கிறது. பிற்படுத்தப்பட்ட வகுப்பு முஸ்லிம்கள் என்ற அந்தப் பட்டியலில் அன்சார், தக்கனி முஸ்லிம், துதேகுலா, ராவுத்தர் மற்றும் மரைக்காயர் உள்ளிட்ட லப்பை, மாப்பிள்ளா, ஷேக், சையது என ஏழு பிரிவுகள் உள்ளன. சான்றிதழில் ‘முஸ்லிம்’ என்று மட்டும் இருந்தால் போதாது. இந்தப் பிரிவுகளில் ஒன்று இருக்க வேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் வழியாக வட்டாட்சியர் அலுவலகத்தில் கிடைக்கும். வேலை அறிவிப்பு வந்த பிறகு ஓடாமல், பதினெட்டு வயது நிறைவதற்குள் சாதி, வருமானம், இருப்பிடம் மூன்று சான்றிதழ்களையும் வாங்கி வைத்து விடுங்கள். வருமானச் சான்றிதழை மட்டும் தேவைக்கேற்பப் புதிதாக எடுக்க வேண்டியிருக்கும்.

இரண்டாம் தடை: பாதியில் நின்ற படிப்பு

பத்தாம் வகுப்பில் ஒரு பாடத்தில் தவறி, அத்தோடு படிப்பை விட்டவர்கள் நம் தெருக்களில் ஏராளம். ஹிஃப்ளு மதரஸாவில் சேர்வதற்காக ஐந்தாம், ஆறாம் வகுப்போடு பள்ளியை நிறுத்தியவர்களும் இருக்கிறார்கள். மதரஸாவில் ஓதியவர்கள் என்ற முறையில் இதை உரிமையோடு சொல்கிறோம்: குர்ஆனை மனனம் செய்த பிள்ளைக்கு ஒரு பத்தாம் வகுப்புச் சான்றிதழ் பெரிய பாரம் ஆகாது. நினைவாற்றலும் ஒழுங்கும் ஏற்கெனவே அவனிடம் இருக்கின்றன. வழி காட்ட ஆள் இல்லாததுதான் குறை.

தவறிய பாடத்தைத் துணைத் தேர்வில் எழுதலாம். பள்ளியை முன்பே விட்டவர்களுக்கு அரசுத் தேர்வுகள் துறை எட்டாம் வகுப்புக்கும் பத்தாம் வகுப்புக்கும் தனித்தேர்வு நடத்துகிறது. தேசியத் திறந்தநிலைப் பள்ளி மூலமாகவும் பத்தாம் வகுப்பு எழுதலாம். அதில் அரபு மொழியையே ஒரு பாடமாக எடுக்க முடியும். ஆனால் தமிழ்நாடு அரசுப் பணியை நோக்கமாக வைத்திருப்பவர், மாநிலப் பாடத்திட்டத்தின் தனித்தேர்வை எழுதுவதே சிக்கலற்ற வழி.

பத்தாம் வகுப்புக்குப் பிறகு பட்டப்படிப்பு ஒன்றே வழி என்று நினைக்க வேண்டியதில்லை. அரசு ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர், எலக்ட்ரீஷியன் போன்ற பிரிவுகளில் பத்தாம் வகுப்பு முடித்தவர்களும், வெல்டர், வயர்மேன் போன்ற சிலவற்றில் எட்டாம் வகுப்பு முடித்தவர்களும் சேரலாம். பயிற்சிக் கட்டணம் இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் பஸ் பாஸும் உண்டு. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் படித்து வந்தவர்களுக்கு, பெண்களாயின் 2022இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்திலும், ஆண்களாயின் 2024இல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். இவை ஐ.டி.ஐ.க்கும் பொருந்தும். பெரிய தொகை இல்லைதான். ஆனால் ‘படித்தது போதும், சம்பாதிக்கப் போ’ என்று சொல்லும் ஏழைத் தாய்க்குப் பதில் சொல்ல இந்தத் தொகை உதவும்.

மூன்றாம் தடை: எங்கே வேலை இருக்கிறது என்று தெரியாதது

ஏழை வீட்டுப் பிள்ளைக்கு வேலைத் தகவல் தருபவர், பெரும்பாலும் அவனைப் போலவே வேலை தேடும் நண்பர்தான். அதனால் அதே கடைகள், அதே கேட்டரிங் என்றே வட்டம் சுற்றுகிறது. வெளியே இருக்கும் வாசல்கள் இவை:

மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம்: பதிவை மூன்று ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். பதிந்து விட்டு அழைப்புக் கடிதத்துக்காகக் காத்திருப்பது மட்டும் இன்று பலன் தராது. ஆனால் அதே அலுவலகத்தில் தன்னார்வப் பயிலும் வட்டம் என்ற பெயரில் போட்டித் தேர்வுகளுக்கு இலவச வகுப்பு நடக்கிறது. தனியார் நிறுவனங்கள் நேரில் வந்து ஆள் எடுக்கும் முகாமும் நடக்கிறது. பல மாவட்டங்களில் இந்த முகாம் வெள்ளிக்கிழமையில் வருவதால் நம் பிள்ளைகள் தவிர்த்து விடுகிறார்கள். காலை பத்து மணிக்கே போய்ப் பதிந்து விட்டால் ஜும்ஆவுக்கு முன் நேர்காணலை முடித்து விடலாம். தமிழ்நாடு அரசின் தனியார் துறை வேலைவாய்ப்பு இணையதளத்திலும் காலியிடங்களைப் பார்க்கலாம்; கட்டணம் இல்லை.

தொழிற்பழகுநர் பயிற்சி: 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் நிறுவனங்கள் பழகுநர்களை உதவித்தொகையோடு எடுக்கின்றன. ஐ.டி.ஐ., டிப்ளமோ, பட்டம் முடித்த மூவருக்கும் இடம் உண்டு. ‘அனுபவம் இருக்கிறதா?’ என்ற கேள்விக்கு முதல் பதிலாக இந்த ஒரு வருடச் சான்றிதழ் அமையும்.

ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையம்: மாவட்டத்தின் முன்னோடி வங்கி நடத்துவது. செல்போன் பழுது நீக்கம், ஏ.சி. மெக்கானிக், தையல் போன்ற பயிற்சிகள் சாப்பாட்டோடு இலவசமாகக் கிடைக்கின்றன. பயிற்சிக்குப் பிறகு வங்கிக் கடன் வாங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எனவே வட்டிக்கு அஞ்சி இந்தப் பயிற்சியைத் தவிர்க்க வேண்டியதில்லை.

அரசுத் தேர்வாணையத்தின் குரூப் 4 தேர்வு: பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். இதில் தமிழ்த் தகுதித் தாளில் 150க்கு 60 மதிப்பெண் பெறாவிட்டால் மற்ற விடைகளைத் திருத்தவே மாட்டார்கள். ஆம்பூர், வாணியம்பாடி பகுதிகளில் உருது வழியில் படித்த பிள்ளைகளுக்கு இது பெரிய தடை. அந்த ஊர் ஜமாஅத்துகள் ஒரு தமிழாசிரியரை வைத்து மாலை வகுப்பு நடத்தினாலே பலருக்கு வாசல் திறக்கும். தட்டச்சுச் சான்றிதழும் இருந்தால் தட்டச்சர் பணியிடங்களுக்கும் போட்டியிடலாம்.

நான்காம் தடை: முதல் சம்பளத்துக்கு முந்தைய நாட்கள்

பெரும்பாலோர் கவனிக்காத தடை இது. நம் பார்வையில் அதிகமான பிள்ளைகள் விழுவதும் இங்கேதான்.

ஒரு கணக்குப் போடுவோம். தென்மாவட்டத்துப் பையன் ஒருவனுக்கு ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைக்கிறது. மூன்றாம் தேதி சேர்கிறான். சம்பளம் அடுத்த மாதம் ஏழாம் தேதி. இடையில் ஏறத்தாழ முப்பத்தைந்து நாள். அறையில் பங்குக்கு முன்பணம் 3,000 ரூபாய். ஒரு நாள் சாப்பாடு 120 ரூபாய் என்று வைத்தாலும் 4,200. ஊரிலிருந்து வரவும் தினசரிப் பயணத்துக்கும் 1,000. ஷூ, மருத்துவத் தகுதிச் சான்று, பாய், தலையணை என்று 1,500. ஆக 9,700 ரூபாய். இது அவனுடைய செலவு மட்டும். அதுவரை கடையில் நின்று அவன் தினமும் உம்மாவிடம் கொடுத்து வந்த இருநூறு, முந்நூறு ரூபாயும் இந்த முப்பத்தைந்து நாளும் நின்று விடும். வீட்டில் அரிசிக்கு வழி வேண்டும்.

பணம் இல்லாதவன் என்ன செய்வான்? வேலைக்கே போக மாட்டான். அல்லது தெருவில் பத்து வட்டிக்குப் பத்தாயிரம் வாங்கிக் கொண்டு போவான். மாதம் ஆயிரம் ரூபாய் வட்டிக்கே போகும். அசல் அப்படியே நிற்கும். அல்லது பத்துப் பதினைந்து நாள் தாக்குப் பிடித்து, பட்டினி தாங்காமல் திரும்பி வருவான். ஊரில் நாம் சொல்வோம்: ‘பார்த்தீர்களா, நல்ல கம்பெனி வேலையை விட்டு விட்டு வந்து விட்டான்!’

வேலைக்குப் போகும் முன் குடும்பத்துக்கு ஒரு திர்ஹத்துக்கு உணவு வாங்கிக் கொடுக்கச் சொன்ன நபிவழி இங்கேதான் வருகிறது. பத்தாயிரம் ரூபாயை வட்டியில்லாமல் கொடுத்து, மூன்றாம் சம்பளத்திலிருந்து மாதம் ஆயிரமாகத் திருப்பி வாங்கும் ஒரு கர்ளன் ஹஸனா நிதி இருந்தால் போதும். அதே பணம் ஒவ்வொரு வருடமும் அடுத்த பிள்ளைக்குப் போகும்.

ஐந்தாம் தடை: முதல் மூன்று மாதம்

கடையில் வாடிக்கையாளரோடு பேசிக் கொண்டு நின்றவனுக்கு, எட்டு மணி நேரம் ஒரே மெஷின் முன் நிற்பது முதலில் கடினம். இரவு ஷிப்ட் உடம்பைப் புரட்டும். சூப்பர்வைசரின் ஒரு கடுஞ்சொல் அவமானமாகத் தோன்றும். இதை முன்கூட்டியே யாராவது சொல்லியிருந்தால் தாங்கிக் கொள்வான். யாரும் சொல்லாததால், தனக்கு மட்டும்தான் இப்படி என்று நினைத்து மூட்டை கட்டுகிறான்.

குடும்பமும் சில சமயம் காரணமாகி விடுகிறது. ராத்தாவின் மாப்பிள்ளை வீட்டு விருந்து, பெரியவாப்பா வீட்டு நிக்காஹ், கந்தூரி என்று சேர்ந்த முதல் மாதத்திலேயே மூன்று முறை ஊருக்கு அழைத்தால், தகுதிகாண் காலத்தில் இருப்பவனை எந்த நிறுவனமும் வைத்துக் கொள்ளாது. ‘மூன்று மாதம் உன்னை அழைக்க மாட்டோம், நீ உறுதியாக நில்’ என்று பெற்றோர் சொல்லி அனுப்ப வேண்டும்.

தொழுகை விஷயம் தனியாகச் சொல்ல வேண்டியது. ஜும்ஆவுக்கு அனுமதி கிடைக்கவில்லை என்று முதல் வாரத்திலேயே வேலையை விடுபவர்கள் உண்டு. வேலை போய் விடுமோ என்று பயந்து கேட்காமலேயே தொழுகையை விடுபவர்களும் உண்டு. சேரும் முன்பே மரியாதையாகக் கேட்டுத் தெளிவுபடுத்திக் கொள்வதே சரியான வழி. மதிய உணவு இடைவேளையை மாற்றிக் கொடுப்பது, அந்த அரை மணி நேரத்தை மாலையில் ஈடு செய்வது போன்ற ஏற்பாடுகளை ஒத்துக் கொள்ளும் நிறுவனங்கள் இருக்கின்றன. புதிதாகச் சேர்ந்த பையன் கேட்பதை விட, அங்கே ஏற்கெனவே வேலை செய்யும் மூத்தவரோ ஊர்ப் பெரியவரோ பேசினால் பலன் அதிகம். அப்படியும் இயலாவிட்டால் உள்ளூர் ஆலிமிடம் நிலைமையைச் சொல்லி ஆலோசனை பெற்ற பிறகே முடிவெடுக்க வேண்டும்.

இந்த மூன்று மாதமும் வாரத்துக்கு ஒரு போன். ‘சாப்பிட்டாயா? சம்பளம் வந்ததா? பே ஸ்லிப் கொடுத்தார்களா? பி.எஃப். நம்பர் வந்ததா?’ இந்த நான்கு கேள்விகளைக் கேட்க ஒரு ஆள் வேண்டும். காண்ட்ராக்டர் மூலம் சேர்ந்தவர்களிடம் கடைசி இரண்டு கேள்விகளும் மிக அவசியம். கம்பெனிச் சட்டை போட்டிருந்தாலும், பணத்தைப் பிடித்துக் கொண்டு கணக்கில் கட்டாமல் விடும் காண்ட்ராக்டர்கள் உண்டு.

பெண்பிள்ளைகள்

பட்டம் முடித்த பெண்பிள்ளைகள் நம் வீடுகளில் பெருகி விட்டார்கள். இவர்களில் பலருடைய குடும்பத்துக்கு அந்த வருமானம் மிகத் தேவை. விதவைத் தாயும் தம்பி தங்கைகளும் உள்ள வீடுகளும் இவற்றில் உண்டு. ‘பெண்ணை எப்படி அனுப்புவது?’ என்ற கேள்வியில் உள்ள கவலை உண்மையானது. அதற்குப் பதிலையும் தேட வேண்டும். கம்பெனி வேன் வீட்டருகே வருகிறதா, இரவு ஷிப்ட் உண்டா, ஹிஜாபோடு வேலை செய்ய அனுமதி உண்டா, அங்கே வேலை செய்யும் பெண்கள் என்ன சொல்கிறார்கள் என்று தாயோ ராத்தாவோ நேரில் போய் விசாரிக்கலாம். வெளியூரில் தங்க வேண்டியிருந்தால் அரசின் தோழி விடுதிகள் சில நகரங்களில் இருக்கின்றன. உள்ளூரில் சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஒரே மஹல்லாவிலிருந்து மூன்று நான்கு பேர் ஒரே இடத்தில் சேர்ந்தால் போகவும் வரவும் துணை. பெற்றோரின் பயமும் பாதி குறையும்.

வெளிநாடு என்ற குறுக்கு வழி

உள்ளூரில் வேலை நிலைக்காத பிள்ளையைக் கடைசியில் கடன் வாங்கி வெளிநாட்டுக்கு அனுப்பி விடுகிறோம். முறையாகப் போவதில் தவறில்லை. கடற்கரை ஊர்கள் பல அதில்தான் வாழ்ந்தன. ஆனால் சில விஷயங்களை நினைவில் வையுங்கள். பத்தாம் வகுப்புத் தேர்ச்சி இல்லாதவரின் பாஸ்போர்ட்டில் குடியகல்வு அனுமதி தேவை என்ற நிபந்தனை வரும். வளைகுடா நாடுகள் உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக அவர் அந்த அனுமதியைப் பெற வேண்டும். பதிவு பெற்ற முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் வரி நீங்கலாக 30,000 ரூபாய்க்கு மேல் இருக்கக் கூடாது. விசிட் விசாவில் அனுப்பி அங்கே மாற்றித் தருகிறோம் என்பவரை நம்பாதீர்கள். தாய்லாந்தில் கணினி வேலை என்று சொல்லி மியான்மர், கம்போடியா பக்கம் கொண்டு போய் இணைய மோசடியில் ஈடுபடுத்தப்பட்ட இந்திய இளைஞர்களில் தமிழ்நாட்டவரும் இருந்தார்கள். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் இருக்கிறது. முதலில் அங்கே விசாரியுங்கள்.

ஜமாஅத் என்ன செய்யலாம்?

பல ஊர்களில் அதிக மதிப்பெண் எடுத்தவர்களுக்குப் பரிசளிப்பு விழா நடக்கிறது. நல்லதுதான், நடக்கட்டும். ஆனால் மேடைக்கு வராத பிள்ளைகள்தான் அதிகம். அவர்களுக்கும் ஒரு ஏற்பாடு வேண்டும். பெரிய கட்டடமோ இயக்கமோ தேவையில்லை.

1. மஹல்லாவில் 18 முதல் 30 வயது வரை உள்ளவர்களின் பட்டியல். யார் என்ன படித்திருக்கிறார், என்ன செய்கிறார், எந்தச் சான்றிதழ் குறைகிறது என்ற மூன்று விவரம் போதும். பெண்களின் விவரத்தைப் பெண்களே எடுக்கட்டும். பட்டியலைப் பொது வாட்ஸ்அப் குழுவில் போடாமல் அமானிதமாக வைத்திருக்க வேண்டும்.

2. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆவண முகாம். இ-சேவை மையம் நடத்தும் ஒருவர், ஓய்வு பெற்ற வருவாய்த் துறை ஊழியர் ஒருவர், கணினி தெரிந்த இரண்டு கல்லூரி மாணவர்கள் இருந்தால் முகாம் நடந்து விடும்.

3. வட்டியில்லா முன்பண நிதி. பத்துப் பிள்ளைகளோடு தொடங்க ஒரு லட்சம் ரூபாய் போதும். வசதியுள்ள பத்துப் பேர் நினைத்தால் ஒரே ஜும்ஆவில் சேர்ந்து விடும்.

4. ஒரு பிள்ளைக்கு ஒரு பொறுப்பாளர். மாதச் சம்பள வேலையில் இருக்கும் அல்லது ஓய்வு பெற்ற ஒருவர். மூன்று மாதம் வாரம் ஒரு போன். அவ்வளவே.

ஸகாத் பணத்தை இதற்குப் பயன்படுத்தலாமா என்று கேட்கிறார்கள். பெறுபவர் ஸகாத்துக்குத் தகுதியான ஏழையாக இருந்தால், தொழில் கற்கவும் கருவி வாங்கவும் கொடுக்கலாம். கைத்தொழில் தெரிந்த ஏழைக்கு அவருடைய கருவி வாங்கும் அளவுக்குக் கொடுக்கலாம் என்று ஷாஃபிஈ மத்ஹபின் நூல்கள் விவரிக்கின்றன. ஹனஃபீ மத்ஹபில் பணமோ பொருளோ அவருக்கு உடைமையாகவே கொடுக்கப்பட வேண்டும் என்பது நிபந்தனை. எனவே திருப்பி வாங்கும் கடன் நிதியை நன்கொடையிலிருந்தும், திருப்பி வாங்காத உதவியை ஸகாத்திலிருந்தும் தனித்தனியாகக் கணக்கு வைத்து நடத்துவது பேணுதலானது. கூடுதல் விளக்கத்தை உங்கள் ஊர் ஆலிம்களிடம் கேட்டுக் கொள்ளுங்கள்.

வேலையில் நிலைத்த ஒரு பிள்ளை வட்டியிலிருந்து தன் வீட்டை மீட்கிறான். தங்கையின் படிப்பு நிற்காமல் பார்த்துக் கொள்கிறான். இரண்டு வருடத்தில் அவனே இன்னொரு பிள்ளைக்குப் பொறுப்பாளராகும் தகுதி பெறுகிறான். அடுத்த ஜும்ஆ முடிந்ததும் ஐந்து பேர் பள்ளிவாசலில் உட்கார்ந்து அந்தப் பட்டியலின் முதல் பெயரை எழுதுங்கள். பதினைந்து நாள் கழித்து மறுபடியும் கூடி, அந்தப் பிள்ளையின் காரியம் எதுவரை வந்திருக்கிறது என்று பாருங்கள். அல்லாஹ் நம் பிள்ளைகளின் ரிஸ்கில் பரக்கத் செய்வானாக. ஆமீன்.